வயிற்றுவாய் பேணலும் கைபேசியும்

மக்கள் உடம்பு வியத்தற்குரிய ஓர் அமைப்பு. நாம் உண்ட உணவு எப்போது செரிக்கின்றது, அதன் சத்து எவ்வாறு குருதியிற் கலக்கின்றது, எஞ்சிய கழிவு எங்குத் தங்கி எப்போது வெளியேறுகின்றது என்பனவற்றை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. உறுப்புகள் தத்தம் கடமையைத் தாமே செய்து முடிக்கின்றன. அவற்றுள் ஒன்று தன் தொழிலை இழக்கும்பொழுதுதான் அதன் அருமை நமக்குப் புலனாகின்றது. இழந்த தொழிலை மருத்துவர் வேறொரு வழியால் நடைபெறச் செய்கின்றனர். ஆயினும், முன்னர் உடம்பு தானே செய்துவந்த பணியின் ஒரு பகுதியை, அதன்பின் அம்மனிதர் தம் கையாலேயே செய்துகொள்ள வேண்டியதாகின்றது. அத்தகைய பணி ஒன்றனையும், அதற்கு இக்காலக் கைபேசி துணைசெய்யும் முறையினையும் இப்பாடத்தில் அறிவோம்.

பெருங்குடலிலோ அதன் இறுதியிலுள்ள மலக்குடலிலோ சிலர்க்குப் புற்றுநோய் தோன்றுகின்றது. வேறு சிலர்க்குக் குடலின் உட்சுவர் பல்லாண்டுகள் அழன்று புண்பட்டு விடுகின்றது. விபத்திற் குடல் கிழிபடுவதும் உண்டு. மலவாய் அமையாமலே பிறக்கும் குழந்தைகளும் உளர். இந்நிலைகளில் நோயுற்ற பகுதியை நீக்கவோ, புண்பட்ட பகுதிக்கு ஓய்வு தரவோ வேண்டி, அறுவை மருத்துவர் குடலின் ஒரு முனையை வயிற்றின் முன்சுவர் வழியே வெளியே கொணர்ந்து, அதன் ஓரத்தை மடித்துத் தோலோடு சேர்த்துத் தைத்துவிடுவர். கழிவு அவ்வழியே வெளியேறும். சிறுநீர்ப்பையை நீக்க நேர்ந்தவர்க்குச் சிறுநீர் செல்லவும் இவ்வாறே ஒரு வழி அமைப்பதுண்டு.

இவ்வழியை மருத்துவர் ‘ஸ்டோமா’ என்பர். இது கிரேக்கச் சொல். வாய் என்பது இதன் பொருள். தமிழிலும் வாய் என்னும் சொல்லை முகத்திலுள்ள உறுப்புக்கு மட்டுமே நாம் வழங்குவதில்லை. குடத்தின் வாய், பையின் வாய், புண்ணின் வாய் எனத் திறந்த வழிகள் பலவற்றிற்கும் வழங்குகின்றோம். ஆதலின் இதனை வயிற்றுவாய் என்றே கூறுவோம். மருத்துவமனைகளில் பொதுமக்கள், “அவர் பை வைத்திருக்கிறார்” என்று சொல்வதைக் கேட்கலாம். அவர்கள் குறிப்பது இவ்வாயின்மேல் ஒட்டப்பெறும் பையினையே ஆகும்.

வயிற்றுவாய் மூவகைப்படும். பெருங்குடலிலிருந்து அமைவது ஒன்று. சிறுகுடலிலிருந்து அமைவது மற்றொன்று. சிறுநீர் செல்ல அமைவது மூன்றாவது. பெருங்குடலின் தொழில்களுள் ஒன்று கழிவிலுள்ள நீரையும் உப்பையும் மீண்டும் உடம்புக்குள் இழுத்துக்கொள்ளுதல். ஆகவே பெருங்குடலின் இறுதியில் அமைந்த வாயிலிருந்து கழிவு ஓரளவு கெட்டியாக வரும். சிறுகுடல் வாயிலோ, கழிவு பெருங்குடலை அடையுமுன்னரே வெளியேறுவதால் நீர்த்த கூழ்போல வரும். நீரும் உப்பும் அதனுடன் சேர்ந்து வெளியேறும். இவ்வேறுபாட்டை நினைவில் இருத்துக. பின்னர் இது பயன்படும். இவ்வாய்களுட் சில, சில திங்கள்களுக்கு மட்டும் அமைக்கப்பெற்றுப் பின்னர் மூடப்பெறும். சில வாழ்நாள் முழுதும் நிலைத்திருக்கும்.

நலமான வயிற்றுவாய் நம் வாயின் உட்புறம்போலச் சிவந்தும் ஈரமாகவும் இருக்கும். தொட்டால் அதற்கு வலி தெரியாது. துடைக்கும்பொழுது ஓரிரு துளி குருதி கசிவதும் இயல்பே. ஆனால் மலவாயில் உள்ளதுபோன்ற சுருக்குத்தசை இதற்கு இல்லை. சுருக்குப்பையின் வாயைக் கயிறு இழுத்து மூடுவதுபோல, அத்தசையே கழிவை நாம் வேண்டும்வரை அடக்கி வைக்கின்றது. அஃது இன்மையால், கழிவு வெளியேறும் நேரத்தை இவர்கள் அடக்கி ஆள இயலாது. அதனாலேயே வாயைச் சூழ ஒட்டும் தட்டு ஒன்றனையும், கழிவை ஏற்கும் பை ஒன்றனையும் இவர்கள் எப்போதும் அணிந்திருக்கின்றனர்.

இன்று நாம் காணும் மெல்லிய பை நெடுங்காலத்துக்கு முன் தோன்றியதன்று. டென்மார்க்கு நாட்டில் எலிசே சோரன்சன் என்னும் செவிலியர் ஒருவர் இருந்தார். அவர்தம் தங்கை தோரா, வயிற்றுவாய் அமைத்துக்கொண்ட பின்னர், கசிவுக்கும் நாற்றத்துக்கும் அஞ்சி வெளியே செல்லவே தயங்கினார். தங்கையின் துயரைக் கண்ட தமக்கை 1954-ஆம் ஆண்டில், தோலில் ஒட்டிக்கொள்ளக் கூடியதும், பயன்படுத்தியபின் எறிந்துவிடக் கூடியதுமான பை ஒன்றனைத் திட்டமிட்டார். நெகிழிப் பொருள்கள் செய்துவந்த ஆகே லூயி-ஹான்சன் என்பவர் அதனைச் செய்து கொடுத்தார். அவர் மனைவியும் ஒரு செவிலியரே. அம்முயற்சியிலிருந்து 1957-இல் கோலோபிளாஸ்ட் என்னும் நிறுவனம் தோன்றியது.

அமெரிக்காவிலும் இதனை ஒத்த செய்தி ஒன்று உண்டு. கிளீவ்லாண்டு நகரில் ரூபர்ட் டர்ன்புல் என்னும் அறுவை மருத்துவர் இருந்தார். அவரிடம் 1954-இல் அறுவை செய்துகொண்டு வயிற்றுவாய் பெற்றவர் நோர்மா கில் என்னும் பெண்மணி. நலமடைந்தபின் அவர் தம்மைப் போன்ற நோயாளிகளுக்கு உதவத் தொடங்கினார். அவர்தம் அனுபவ அறிவின் பயனை உணர்ந்த மருத்துவர் 1958-இல் அவரை மருத்துவமனையிலேயே பணியமர்த்தினார். 1961-இல் இப்பணியைக் கற்பிக்கும் பள்ளியும் அங்கே தோன்றியது. தங்கைக்காகத் தமக்கை கண்டது பை. தாம் பட்ட துன்பத்தால் ஒருவர் வளர்த்தது பேணும் கலை. இவ்விரண்டும் அன்பின் வழியே பிறந்தன என்பதனை நாம் மறத்தலாகாது.

இனி, நாள்தோறும் செய்யவேண்டிய பேணல் யாது என்பதைக் காண்போம். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்தவுடன் அதனை வெறுமையாக்குதல் நன்று. பாதிக்குமேல் நிறைய விட்டால், அதன் எடை தட்டை இழுத்துப் பெயர்த்துவிடும். தட்டை மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை மாற்றுவது பலர்க்கும் பொருந்தும். அதற்கு ஏற்ற நேரம், காலையில் உணவு கொள்ளுமுன். அப்பொழுது குடல் அமைதியாக இருக்கும். பழைய தட்டை மேலிருந்து கீழாக மெல்ல உரித்தெடுத்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்த மெல்லிய துணியால் தோலைத் துடைத்து, ஈரம் சிறிதும் இன்றி உலர்த்துதல் வேண்டும். எண்ணெயோ களிம்போ தடவினால் புதிய தட்டு ஒட்டாது.

புதிய தட்டில் வெட்டும் துளையின் அளவே இப்பணியின் உயிர்நிலை. வாயின் விளிம்பைக் காட்டிலும் ஏறத்தாழ 2 அல்லது 3 மில்லிமீட்டர் மட்டுமே அது பெரிதாக இருத்தல் வேண்டும். பெரிதாக வெட்டினால் இடையில் தெரியும் தோலிற் கழிவு பட்டுப் புண்ணாகும். சிறுகுடற் கழிவில் செரிமான நீர்கள் கலந்திருப்பதால், அஃது உணவைக் கரைப்பதுபோலவே தோலையும் அரிக்கும். புண்பட்ட தோலிற் கசிவு மிகும். கசிவினால் தட்டு ஒட்டாது. ஒட்டாமையால் மேலும் கசியும். இவ்வாறு ஒரு சிறு பிழை பல துன்பங்களுக்கு வித்தாகின்றது. வெயில் மிகுந்த நம் நாட்டில் வியர்வையும் தட்டை நெகிழ்த்துவதால், இங்கு இக்கவனம் இன்னும் மிகுதியாக வேண்டும்.

மேலும், அறுவை முடிந்தவுடன் வயிற்றுவாய் வீங்கியிருக்கும். அடுத்த ஆறு முதல் எட்டு வாரங்களில் அது சிறிது சிறிதாகச் சுருங்கும். மருத்துவமனையில் வெட்டிக் கொடுத்த அளவையே வீட்டிலும் தொடர்ந்து வெட்டுபவர், தாம் அறியாமலே துளையைப் பெரிதாக்குகின்றனர். ஆகவே அக்காலத்தில் வாரந்தோறும் அளந்து பார்த்தல் இன்றியமையாதது.

மருத்துவமனையில் இருக்கும்வரை இவற்றைச் செவிலியர் செய்வர், செய்யவும் கற்பிப்பர். ஆயின் நோயாளி அங்குத் தங்குவது சில நாள்களே. அந்நாள்களில் வலியும் அச்சமும் உள்ளத்தை ஆட்கொண்டிருத்தலின், கேட்டவை எல்லாம் நினைவில் நில்லா. இக்கலையிற் சிறப்பாகப் பயின்ற செவிலியர் நம் நாட்டிற் சிலரே. அவரும் பெரும்பாலும் பெருநகர மருத்துவமனைகளில் இருக்கின்றனர். சிற்றூருக்குத் திரும்பிய ஒருவர், நள்ளிரவிற் பை கசிந்தால் யாரைக் கேட்பார்? தோல் சிவந்தால் அஃது இயல்பா, தீங்கா என்று எவ்வாறு அறிவார்? ஒவ்வொரு முறையும் பேருந்தேறி நகருக்குச் செல்லுதல் எல்லார்க்கும் இயலுமா? இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பும் பாலமாகவே கைபேசிச் செயலிகள் தோன்றியுள்ளன.

செயலி என்பது ஒரு குறிப்பிட்ட பணிக்கென்று கைபேசியில் நிறுவிக்கொள்ளும் நிரல் ஆகும். வயிற்றுவாய் உடையார்க்கு அது செய்யும் உதவிகள் ஐந்து. முதலாவது கற்பித்தல். தட்டை மாற்றும் முறையை அசைபடமாகக் காட்டுவதால், மறந்த ஒருவர் மீண்டும் மீண்டும் பார்த்துத் தெளியலாம். ஆசிரியர்க்குச் சலிப்புத் தோன்றுமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை.

இரண்டாவது நினைவூட்டல். தட்டு மாற்றும் நாள், மருந்து உண்ணும் வேளை, நீர் பருகும் நேரம், மருத்துவரைக் காணும் நாள் ஆகியவற்றைக் குறித்துவைத்தால், உரிய நேரத்தில் கைபேசி ஒலி எழுப்பும். எஞ்சியுள்ள பைகளின் எண்ணிக்கையையும் அதிற் குறிக்கலாம். பத்துப் பைகள் இருக்கும்பொழுதே வாங்க நினைவூட்டினால், கடைசிப் பையை ஒட்டிக்கொண்டு கலங்கும் நிலை நேராது. இப்பைகள் எல்லா ஊர் மருந்துக் கடைகளிலும் கிடைப்பன அல்ல என்பதனைக் கருதினால் இதன் பயன் விளங்கும்.

மூன்றாவது குறித்துவைத்தல். ஐந்தனுள் இதுவே தலையாயது; உயிர்காக்கும் ஆற்றல் உடையதும் இதுவே. சிறுகுடல் வாய் உடையார்க்கு நீரும் உப்பும் கழிவோடு வெளியேறும் என்று முன்னர்க் கண்டோம். அறுவையிலிருந்து தேறியவர்க்கு நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 500 முதல் 800 மில்லிலிட்டர் கழிவு வருவது பொதுவான அளவு. அஃது 1,500 மில்லிலிட்டரைக் கடந்தால் உடம்பு வறளும் தீங்கு உண்டு. நாவறட்சி, தலைச்சுற்றல், சிறுநீர் குறைந்து நிறம் அடர்தல், கால் தசை இழுத்தல் என்பன அதன் அடையாளங்கள். கவனியாது விட்டால் சிறுநீரகம் கெடும். உயிர்க்கும் இறுதி நேரலாம்.

எடுத்துக்காட்டாக, ஓர் இல்லத்தில் சிறுகுடல் வாய் உடைய பாட்டியார் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். அவர் ஒவ்வொரு முறை பையை வெறுமையாக்கும்பொழுதும் கழிவை ஓர் அளவுக் குவளையில் ஊற்றி அளக்கின்றார். திங்களன்று 700 மில்லிலிட்டர்; செவ்வாயன்று 900; புதனன்று 1,300; வியாழனன்று 1,700. இவ்வளவுகள் எழுதப்படாவிடின், “வழக்கத்தினும் சற்று மிகுதியாகப் போகின்றது” என்று மட்டுமே அவர் கூறுவார். களைப்பை முதுமையின் குறை என்று வீட்டார் எண்ணுவர். செயலியில் எழுதிவந்தாலோ, அவ்வெண்கள் ஏறுவரிசைக் கோடாகத் திரையில் தோன்றும். புதன்கிழமையே ஐயம் எழும்; வியாழக்கிழமை மருத்துவரிடம் செல்வர். நினைவு மறைப்பதை எண் காட்டிவிடுகின்றது.

இங்கு இன்னொரு செய்தியையும் அறிதல் வேண்டும். நீர் மிகுதியாக வெளியேறினால் வெறுந்தண்ணீரை மிகுதியாகப் பருகுவதே மருந்தென்று நாம் எண்ணுவோம். சிறுகுடல் வாயிற் கழிவு மிகுந்தவர்க்கு அவ்வாறன்று. உப்பு இல்லாத நீரை மிகுதியாகப் பருகினால், உடம்பிலுள்ள உப்பும் குடலுக்குள் இழுக்கப்பெற்று அந்நீரோடு சேர்ந்து வெளியேறும். இழப்பு மேலும் பெருகும். உப்பும் சர்க்கரையும் ஒன்றாகச் சேரும்பொழுதுதான் குடற்சுவர் அவற்றை ஏற்று, அவற்றோடு நீரையும் உள்ளே இழுக்கின்றது. ஆதலின் மருத்துவர் கூறும் உப்புச் சர்க்கரைக் கரைசலை, அவர் கூறும் அளவிற் பருகுதலே முறை. கழிவின் அளவு மட்டுமன்றிப் பருகியது யாது, எவ்வளவு என்பதையும் செயலியிற் குறிக்கச் சொல்வது இதனாலேயே.

நான்காவது உதவி காட்டுதல். வாயையும் சூழ்ந்த தோலையும் வாரம் ஒருமுறை ஒரே தொலைவிலிருந்து, நல்ல வெளிச்சத்தில், படம் எடுத்து வைத்தால், முன்னும் பின்னும் உள்ள மாறுதல் தெளிவாகும். மருத்துவரோ செவிலியரோ கேட்கும்பொழுது அப்படத்தை அனுப்பலாம். ஐந்தாவது உரையாடல். தொலைவில் உள்ள மருத்துவரைக் கைபேசித் திரையிற் கண்டு பேசும் வசதியே அது. இந்திய அரசு 2019-ஆம் ஆண்டில் இ-சஞ்சீவனி என்னும் தொலைமருத்துவப் பணியைத் தொடங்கியது. 2020-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில், மக்கள் தம் இல்லத்திலிருந்தே மருத்துவரோடு பேசும் வழியும் அதில் அமைந்தது. இது வயிற்றுவாய்க்கென்றே ஏற்பட்டதன்று. எனினும் சிற்றூரில் வாழும் ஒருவர் முதல் அறிவுரை பெறுதற்கு இதுவும் ஒரு வழியாகும்.

இத்துறையில் நோயாளி ஒருவரே புதுமை கண்ட வரலாறும் உண்டு. இங்கிலாந்து நாட்டு மைக்கேல் சீரஸ் என்பவர் தம் பன்னிரண்டாம் அகவையிலேயே குடல் அழற்சி நோய்க்கு ஆளானார். பல அறுவைகளுக்குப் பின்னர் 2011-இல் ஆக்சுபோர்டு நகரில் அவர்க்குச் சிறுகுடல் மாற்று அறுவை நடந்தது. பிரித்தானியாவில் அவ்வறுவையைப் பெற்ற பதினோராவது மனிதர் அவர். வயிற்றுவாயோடு படுக்கையிற் கிடந்த அவர்க்குப் பை நிறைந்து வழிவது பெருந்துன்பமாயிற்று. பை நிறையுமுன் அறிவிக்க ஒரு கருவி இல்லையே என்று அவர் எண்ணினார். பிறர் செய்து தரும்வரை காத்திருக்கவில்லை. பை உப்பும்பொழுது வளைவதை உணர்ந்து, கம்பியின்றிக் கைபேசிச் செயலிக்கு அறிவிக்கும் சிறு உணரியை உருவாக்கினார். தாம் பதினோராமவர் என்பதனைக் குறிக்கும் பெயரால் ‘11 ஹெல்த்’ என்னும் நிறுவனத்தையும் தொடங்கினார். 2020-இல் அவர் மறைந்தார். அவர்க்குப் பின்னரும் இம்முயற்சி நிற்கவில்லை. தட்டின் அடியிற் கசிவு தொடங்கும்பொழுதே அதனை உணர்ந்து கைபேசிக்குத் தெரிவிக்கும் மெல்லிய படலமும் ஐரோப்பிய நாடுகளில் வழக்கத்துக்கு வந்துள்ளது.

இவ்வளவு பயன் உடையதாயினும், செயலி மருத்துவர் ஆகாது, செவிலியரும் ஆகாது. அது கண்ணில்லாத கணக்கன். நாம் எழுதியதை அது காக்கும், எழுதாததை அறியாது. தவறாக எழுதினால் தவற்றையே மெய்போலக் காட்டும். சில அடையாளங்களைக் கண்டால் செயலியைத் திறந்துகொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். சிவந்த வாய் கருத்தோ, நீலம் பாய்ந்தோ போதல். நிற்காமல் குருதி பெருகுதல். சிறுகுடல் வாயிலிருந்து பல மணி நேரம் ஒன்றுமே வராமல் வயிறு வலித்து வாந்தி எடுத்தல். நீர்போன்ற கழிவு ஓயாது வெளியேறி மயக்கம் வருதல் என்பன அவை. இவற்றுள், ஒன்றும் வராது வலித்தல் குடல் அடைபட்டமைக்கு அறிகுறியாகலாம். தேங்காய்த் துண்டு, கொட்டைப் பருப்பு, நார் மிகுந்த காய் ஆகியவற்றை மெல்லாது விழுங்கினால் அவ்வடைப்பு நேர்வதுண்டு. நன்கு மென்று உண்ணுமாறு மருத்துவர் வற்புறுத்துவது அதனாலேயே.

செயலியைத் தெரிந்தெடுத்தலிலும் அறிவு வேண்டும். பல செயலிகள் ஆங்கிலத்திலேயே அமைந்துள்ளன. அவற்றின் அறிவுரை வேற்று நாட்டு உணவையும் தட்பவெப்பத்தையும் கருதி எழுதப்பட்டதாக இருக்கலாம். பைகளை விற்கும் நிறுவனங்களே தரும் செயலிகளும் உள. அவை தம் பொருள்களையே முன்னிறுத்துவது இயல்பு. ஆகவே எச்செயலி தக்கது என்று தம்மைப் பார்க்கும் மருத்துவரையோ செவிலியரையோ கேட்டறிதல் நன்று. செயலியே கிட்டாவிடினும் குறையில்லை. கைபேசியில் உள்ள கடிகாரமும் குறிப்பேடும், அவையும் இல்லையேல் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும், அப்பணியின் பெரும்பகுதியைச் செய்து முடிக்கும். கருவி மாறலாம், கவனித்து எழுதும் பழக்கமே வேண்டுவது.

மறைபொருள் காத்தல் இன்னொரு கடமை. ஒருவர் தம் உடம்பைப் பற்றி எழுதி வைத்தவையும், எடுத்து வைத்த படங்களும் அவர்க்கே உரியவை. நம் நாட்டு நாடாளுமன்றம் தனிமனிதர் பற்றிய எண்ணிமத் தரவுகளைக் காத்தற்கு 2023-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியுள்ளது. ஆயினும் சட்டத்தினும் முன்னே நிற்கவேண்டிய காவல் வீட்டார் காக்கும் காவலே. கைபேசிக்குப் பூட்டுச்சொல் இடுதல், அப்படங்களைப் பொதுப் படத்தொகுப்பில் வையாது பூட்டிய பகுதியில் வைத்தல், மருத்துவர்க்கன்றிப் பிறர்க்கு அனுப்பாதிருத்தல் ஆகியவை தவறாது செய்யத்தக்கன.

மாணவர்களே! இவையெல்லாம் முதியோர்க்கும் மருத்துவர்க்கும் உரிய செய்திகள், நமக்கென்ன என்று நீங்கள் எண்ணலாம். உங்கள் இல்லத்திற் கைபேசியை நன்கு கையாளத் தெரிந்தவர் யார்? பெரும்பாலும் நீங்களே. எழுத்து சிறிதாக இருக்கின்றது என்று பாட்டனார் உங்களிடம் நீட்டுகின்றார். ஆங்கிலம் புரியவில்லை என்று அத்தை உங்களை அழைக்கின்றார். வயிற்றுவாய் உடைய ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருப்பின், செயலியை நிறுவித் தருபவரும், அளவை எழுதித் தருபவரும், தொலைவிலுள்ள மருத்துவரைத் திரையில் அழைத்துத் தருபவரும் நீங்களாகவே இருப்பீர்கள். அப்பொழுது நீங்கள் தொடுவது வெறும் திரையன்று. ஒருவர் உங்களை நம்பி ஒப்படைத்த மானம்.

அவர் பேசும்பொழுது முகம் சுளித்தலாகாது. மூக்கைப் பொத்துதல் கூடாது. தோழரிடம் அதனைக் கதையாகச் சொல்லுதலும் தகாது. அவர் தாமே செய்யக்கூடியதை அவரே செய்யும்படி விட்டு, கேட்டபொழுது மட்டும் கைகொடுத்தலே உண்மையான உதவி. வயிற்றுவாய் உடையவர், உடல் தேறியபின், பள்ளிக்குச் செல்லலாம், அலுவல் பார்க்கலாம், பயணம் போகலாம், தக்க பாதுகாப்போடு நீந்தவும் செய்யலாம். மருத்துவர் இசைவின்றிப் பெருஞ்சுமை தூக்குதல் போன்ற சிலவற்றையே தவிர்த்தல் வேண்டும். பலரை வீட்டுக்குள் அடைத்து வைப்பது நோயன்று. பிறர் என்ன நினைப்பரோ என்னும் அச்சமே. அவ்வச்சத்தை நீக்க எந்தச் செயலியாலும் இயலாது. அருகில் இருப்போர் தம் நடத்தையால் மட்டுமே நீக்க இயலும்.

அளந்து பார்த்தல், மறவாது செய்தல், ஒழுங்காக எழுதுதல், ஐயம் எழுந்தவுடன் அறிந்தோரைக் கேட்டல் ஆகிய நான்கும் தற்பேணலின் தூண்கள். அவற்றைத் தாங்கிப் பிடிக்கக் கைபேசி ஒரு நல்ல துணை. தங்கையின் அச்சம் கண்டு பையைத் திட்டமிட்ட தமக்கையின் உள்ளம் நம்மிடம் இருந்தால், அத்துணை சிறந்த பயன் தரும். அவ்வுள்ளம் இல்லையேல் கருவி எத்துணை நுட்பமானதாயினும் பயன் சிறிதே.